கிணற்றுத் தண்ணீர், மூன்று புட்டி

“இந்தத் தண்ணிக்கு என்னய்யா குறைச்சல்? எங்க வீட்டுக் குழாயிலகூட இப்படி வராது.”

சுகாதார அதிகாரி கண்ணாடிப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எதிரே நின்ற சோலைமலை நம்ப முடியாமல் எட்டிப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் கமலை மாட்டை அவிழ்த்துக் கட்டி, இறைப்பை நிறுத்திவிட்டு, அவரே கிணற்றில் மொண்டு வந்து ராத்திரி வீட்டில் வைத்திருந்த தண்ணீர் அது. மொண்டபோது கஷாயம் மாதிரி கறுத்துக் கிடந்தது.

திண்டுக்கல்லுக்கு வெளியே, ஊர்க் குப்பையைக் கொட்டும் மேட்டை ஒட்டி அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். மழை பெய்தால் போதும், குப்பைச் சாறு முழுவதும் வழி கேட்காமல் அவர் கிணற்றுக்கே வந்துவிடும். கத்தரிச் செடி கருகிவிட்டது. மாடுகூட அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் கெட்டது என்று இந்த அதிகாரி எழுதிக் கொடுத்தால்தான் குப்பையை வேறு இடத்தில் கொட்டுவார்கள்.

வாரம் ஒரு புட்டியாக மூன்று வாரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இது கடைசிப் புட்டி. முதல் இரண்டும் இப்படித்தான் பளிச்சென்று இருந்தன.

முதல் தடவை சோலைமலை தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அடுத்த தடவை குப்பை வண்டிக்காரர்களைச் சந்தேகப்பட்டார். இந்தத் தடவை பக்கத்துத் தோட்டத்துத் தங்கமுத்துவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தங்கமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டுதான் திரும்பிப் போனார். ஆக, கண்ணில் கோளாறு இல்லை.

“சாமி சத்தியமா நாத்தம் புடிச்ச தண்ணிங்கய்யா. எப்படித் தெளியுதுன்னே வெளங்கல.”

“உனக்கே வெளங்காததை நான் எப்படிப்பா எழுதுறது?”

அதிகாரி, சோலைமலை கொடுத்திருந்த மனுவின் ஓரத்தில் ‘தண்ணீர் நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சோலைமலை நடந்தே வீட்டுக்கு வந்தார். வழி முழுக்க யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. இனி அந்த மண்ணில் என்ன விளையும்?

மனைவி பேச்சாயி ஆவலோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஆபீசரு குடிச்சுப் பாத்தாரா? நம்ம கிணத்துத் தண்ணியக் கேக்குறாருன்னு நீங்க சொன்னதுலருந்து எனக்கு ஒரே கூச்சம். அம்புட்டுப் பெரிய மனுசருக்கு அந்தக் கண்றாவியையா குடுத்து விடுறது? மூணு தடவையும் பழைய கஞ்சிப் பானையோட கொழகொழப்புல ஊத்திவச்சு, அது அழுக்கெல்லாத்தையும் புடிச்சு அடியில எறக்குனதும் துணியில வடிச்சு, நான்தான புட்டிய நெறச்சு, துணி சுத்தி உங்க பையில வச்சேன்.”