ஜன்னலோரக் கிரிவலம்

“எல்லா எடத்துலயும் பாஸானதுக்கு அத்தாட்சி கேப்பாங்க. நீ சேந்திருக்கற எடத்துல ஃபெயிலானதுக்கு அத்தாட்சி கேக்கறாங்களாமேடி அன்னம்!”

பால் பூத்து வரிசையில் நின்றுகொண்டு ரேணுகாம்பாள் இப்படிச் சொன்னதும் முன்னால் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பட்டும் என்றுதான் அவளும் சொன்னாள்.

விஷயம் இதுதான். பத்தாவதில் கோட்டைவிட்டு, முப்பத்தைந்து வயதையும் தாண்டியவர்கள் மறுபடி பரீட்சை எழுதட்டும் என்று அரசாங்கமே பணம் கொடுத்து மாலை டியூசன் வைத்திருந்தது. செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையை ஒட்டிய பள்ளிக்கூடம். ஆகஸ்ட் நாலாம் தேதி ரிப்பன் வெட்டினார்கள். கரும்பலகையைவிட பேனர் பெரிதாக இருந்தது. தோற்ற மார்க் ஷீட்டைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். எதிர்வீட்டு அன்னம் காட்டிச் சேர்ந்திருந்தாள்.

“எனக்கு வேற வழி இல்லக்கா. பதினெட்டு வருசமா அங்கன்வாடி ஆயா. கணக்கு மட்டும் பாஸாயிட்டா டீச்சரா போட்டுடுவாங்க. வர்ற பரீட்சைய விட்டா வயசு தாண்டிடும்.”

“போயேன், நானா வேணாங்கறேன்? நாங்கல்லாம் அந்தக் காலத்துலயே பத்தாவது. அப்பல்லாம் கணக்கு ரொம்ப ஜாஸ்திடி, இப்ப மாதிரியா?”

ரேணுகாம்பாளுக்குத் தினமும் மாலை கிரிவலம் உண்டு. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினால், பதினாலு கிலோமீட்டரில் ஒன்றரை நடப்பதற்குள் அந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னல் வந்துவிடும். ஜன்னல் வந்ததும் அவளுக்குக் கால் வலி வந்துவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பாள். பிறகு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, வந்த வழியே வீடு. அண்ணாமலையாரும் பெரிய மனசு பண்ணி ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.

வேன் ஓட்டுகிற பிரசாத் நோட்டில் கணக்குக்குப் பதில் வண்டிப் படம் போட்டது, பூ விற்கிற ஜோதியம்மாள் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்றது, எல்லாம் மறுநாள் இட்லி வேகுமுன் தெருவுக்குத் தெரிந்துவிடும். “ஜோதியம்மா, உன் கணக்குல ஏழெட்டு மொழம் குடு” என்று வாங்க வந்தவர்கள் கேட்க ஆரம்பித்ததும் அவள் டியூசனுக்கு முழுக்குப் போட்டாள். அவளைப் பார்த்து இன்னும் ஆறு பேர். பதினாறில் மிச்சம் ஒன்பது.

நவம்பரில் ஒருநாள் அன்னம் வாசலில் வந்து நின்றாள். “பத்துக்குக் கம்மியானா மூடிடுவாங்களாம்க்கா. நாளைக்கு ஆபீசர் வந்து எண்ணப் போறாரு. எல்லாம் உங்க வாயாலதான்.”

“என் வாயி இன்னாடி பண்ணிச்சு? நடந்தத சொன்னேன். நடக்காதது ஒண்ணு சொன்னேனா?”

சொன்னாளே தவிர, மறுநாள் அரைமணி முன்னாலேயே ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

அதிகாரி வந்தார். தலைகளை எண்ணினார். “ஒம்பது” என்றார், ஒரு வேலை முடிந்த திருப்தியோடு.

“சார், இவங்க எப்படிப் படிக்கறாங்கன்னு பாருங்க. ஒரு கணக்கு குடுங்க” என்று கெஞ்சினாள் டீச்சர் நந்தினி.

எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஐந்து எக்ஸ் பிளஸ் ஆறு, காரணிப்படுத்துக என்று அதிகாரி போர்டில் எழுதினார். அன்னம் எழுந்து போனாள். இரண்டும் மூன்றும் சரியாக வந்துவிட்டன. ஒன்றுக்குப் பிளஸ் போட்டு, ஒன்றுக்கு மைனஸ் போட்டு, டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டும் மைனஸுடி!”

சத்தம் ஜன்னலிலிருந்து வந்தது. அதிகாரி திரும்பினார். “யாரும்மா அது?”

“நான் சும்மா... கிரிவலம் போறேங்க.”

“மூணு மாசமா போறாங்க சார். இன்னும் இந்த ஜன்னல தாண்டல” என்றான் பிரசாத். வகுப்பே சிரித்தது.

அன்னம் சிரிக்கவில்லை. “அக்கா, உள்ள வந்து உக்காருங்கக்கா. பத்தாயிடும்.”

“வழில போறவங்கள எல்லாம் ஒக்கார வெக்க முடியாதும்மா” என்றார் அதிகாரி. “தோத்தவங்களா இருக்கணும். மார்க் ஷீட்டு வேணும். இந்தம்மாவப் பாத்தா கணக்குல புலியா இருக்காங்க.” பேனா மூடியைக் கழற்றினார். மூடலாம் என்று எழுத ஒரு வரி போதும்.

ரேணுகாம்பாள் கம்பியை விடவில்லை. நாளைக்குக் காலை பால் பூத்து வரிசை கண்முன் வந்தது. அவளைப் பத்தாவது பாஸான மருமக என்று முப்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் புகுந்த வீடு வந்தது. உள்ளே, சாக்பீஸோடு நின்ற அன்னம் பிளஸை அழித்து மைனஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜன்னலை விட்டுச் சுற்றிக்கொண்டு முதன்முறையாக வாசல் வழியாக உள்ளே வந்தாள். மஞ்சப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். கற்பூர டப்பாவை வைத்தாள். அடியிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் நந்தினியிடம் நீட்டினாள்.

உள்ளே மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு மார்க் ஷீட். ரேணுகாம்பாள், 1991, கணக்கு இருபத்தொன்பது. அதோடு போட்டோ ஒட்டி, கையெழுத்தும் போட்ட டியூசன் விண்ணப்பம் ஒன்று. அதில் எழுதியிருந்த தேதி, ஆகஸ்ட் நாலு.