முசே பிரூனோ கேட்ட எட்டு டெரா

"எம் மீதிக் காலம் நிம்மதியா போறது ஒங் கையிலதாம்மா இருக்கு" என்று பொலெத் அம்மாள், கடைப்பெண் சுடர்விழியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கவுண்டர் மேல் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் சி.பி.யூ. பெட்டி இருந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து காந்தி வீதி வரை, ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து அதை மடியில் சுமந்து வந்தவர் அவர்தான்.

"என்னன்னு சொல்லுங்க மதாம்."

"வீட்டுக்காரரு இதுக்குப் புது ஹார்ட் டிஸ்க் போடணுங்கறாரு. எம்மாம் பெருசு போடறதுங்கற எடத்துல நீதான் கொஞ்சம் பாத்துப் பேசி…"

கண்ணாடிக் கதவு திறந்தது. பொலெத் அம்மாள் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே வந்த வீட்டுக்காரர் முசே பிரூனோ, கைதட்டல் அடங்கட்டும் என்பவர்போல வாசலிலேயே ஒரு கணம் நின்றார். பிரெஞ்சு ராணுவத்தின் ஸ்டோர் ரூமில் இருபது வருடம் கம்பளி எண்ணிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆறு வருடமாக, யாரும் கேட்காமலேயே, சொற்பொழிவாளர்.

"எட்டு டெரா வேணும்" என்றார். "டெராபைட்டுன்னு சொல்லாத. அது அமெரிக்கக்காரன் பேச்சு. பிரெஞ்சுல தெராஒக்தே."

"சரிங்க சார்."

"முசே."

"சரிங்க முசே."

சுடர்விழி பெட்டியைக் கடை மானிட்டரில் இணைத்துத் திறந்து பார்த்தாள். ஐந்நூறு ஜிபி டிஸ்க். அதில் நானூற்றெழுபது ஜிபியை ஒரே ஃபோல்டர் அடைத்துக்கொண்டிருந்தது. பெயர், 'பேருரைகள்'. அத்தனையும் வீடியோ. அத்தனையிலும் மைக்குக்குப் பின்னால் முசே பிரூனோ.

திருமணம் என்ற பிரிவில் நான்கு வீடியோ. இரங்கல் என்ற பிரிவில் நூற்றுப் பதினெட்டு. கல்யாணம் செய்கிறவர்கள் உஷாராகிவிட்டார்கள். செத்தவர்களால்தான் மறுக்க முடிவதில்லை.

"இதெல்லாம் யாரு முசே எடுத்தது?"

"பொலெத்தான். போன மாசம் கனகசெட்டிக்குளத்துல ஒரு சாவு. நாப்பது நிமிஷம் பேசுனேன். பாடிய தூக்க வந்தவங்களே ரெண்டு வாட்டி தோள மாத்திக்கிட்டாங்க. இவ கை ஆடல."

பொலெத் அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடர்விழிக்கு அவர்மேல் இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாவை எட்டு டெராவிலிருந்து காப்பாற்றாமல் விடுவதில்லை என்று முடிவுசெய்தாள்.

"முசே, இது மொத்தமே அறுவது மணி நேரம்தான். ஆறு வருஷமா சேந்தது. ஒரு டெரா போட்டாலே இன்னும் ஆறு வருஷத்துக்குத் தாங்கும். எட்டுன்னா நீங்க நூறு வருஷம் பேசணும்."

"பேசுவேன்."

"பேசலாம் முசே, வேணாங்கல. ஆனா அவ்வளவு பெருசு எதுக்கு? ஒரு டெரா ரொம்புச்சின்னா வேண்டாதத பாத்து அழிச்சிக்கலாம்."

பொலெத் அம்மாளின் கைப்பை தொப்பென்று கீழே விழுந்தது. சாவிக்கொத்தும் ஜெபமாலையும் தரையில் சிதறின. பாவம், எட்டு டெரா என்ற பேச்சுக்கே இப்படிப் பதறுகிறாரே என்று சுடர்விழிக்கு மனசு கேட்கவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"நான் சொல்றேன்னு கோவிச்சிக்காதீங்க. பெரிய பேச்சாளருங்க பேசுனது எல்லாத்தையும் குமிச்சி வெக்க மாட்டாங்க. பொறுக்கியெடுத்து முத்து முத்தா பத்து வெப்பாங்க. எல்லாத்தையும் அடுக்கி வெக்க அது என்ன பழைய பேப்பர் கடையா?"

முசே பிரூனோ மோவாயைத் தடவினார். 'பெரிய பேச்சாளருங்க' என்ற வார்த்தை உள்ளே இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிட்டது.

"செலெக்சியோன்!" என்றார் விரலைத் தூக்கி. "பொலெத், கேட்டியா? பொறுக்கணும். பொறுக்கறதுலதான் இருக்குது பெருமை. ஒரு டெராவே போடு, மதுமுவாசேல்."

பொலெத் அம்மாளின் கண்களில் நீர் முட்டியது. சுடர்விழிக்கு உடம்பு புல்லரித்தது. ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்த திருப்தி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அந்த நேரம் பார்த்து முசேயின் போன் அடித்தது. காதில் வைத்தவரின் முகம் மலர்ந்தது. "ஐயய்யோ, எப்போ? நல்ல மனுஷனாச்சே! எடுக்கறது எத்தினி மணிக்கு? மைக் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டபடி, பிள்ளைச்சாவடி ஊரில் நேர்ந்த துக்கத்தை விசாரிக்கத் தெருவுக்கு விரைந்தார்.

சுடர்விழி குனிந்து ஜெபமாலையை எடுத்து பொலெத் அம்மாளின் கையில் வைத்தாள்.

"கண்ணத் தொடைங்க மதாம். எட்டுல நின்னவர ஒண்ணுக்கு எறக்கிட்டேன் பாத்தீங்களா?"

"அடிப் பாவிப் பொண்ணே! யாரு ஒன்ன எறக்கச் சொன்னது? பதினாறு இருந்தா அதையே அவரு தலையில கட்டுன்னு சொல்லலாம்னு வந்தேன்!"

சுடர்விழி திருதிருவென்று விழித்தாள். "பதினாறா? எதுக்கு மதாம்?"

"போன தவக்காலத்துல இந்த டிஸ்கு ரொம்பிடுச்சி. எதை அழிக்கறதுன்னு கண்டுபிடிக்க, அறுவது மணி நேரத்தையும் மொதல்லேர்ந்து போட்டாரு. பக்கத்துல என்னை ஒக்கார வெச்சிட்டாரு. நாப்பது நாளும் பாத்து, கடைசியா அழிச்சது ஒண்ணே ஒண்ணு. அதுல நான் இருமிட்டேனாம்."

பொலெத் அம்மாள் வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எட்டு போட்டா, அது ரொம்பறதுக்குள்ள நான் நிம்மதியா செத்துடுவேம்மா."