கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மனநல ஆலோசனை முதுகலைப் படிப்பின் செய்முறைத் தேர்வு அது. துயரத்தில் இருப்பவராக நடிப்பவரிடம் மாணவி பேச வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு பேராசிரியைகள் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் யாருக்குமே வேண்டாதவன்மா.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணா. இன்னும் கொஞ்ச நேரம் என்கூடப் பேசுங்க,” என்று மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இது ஒண்ணுக்கே ஃபெயில்தான்!” என்றார் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பேராசிரியை.

“அவளை விடு. அந்த ஆளு என்னமா அழறாரு! எங்கேடி பிடிச்சே?” என்றார் மற்றவர்.

அப்போது ஒருவர் மூச்சிரைக்கப் பேராசிரியைகளிடம் வந்தார்.

“மன்னிக்கணும் மேடம், பஸ் கிடைக்கல. நடிக்க வரச் சொன்னது என்னைத்தான். யாரோ அழுதுகிட்டே வந்தாராம், நான்னு நினைச்சு வாட்ச்மேன் அனுப்பிட்டாராம்.”

பேராசிரியைகள் சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பினார்கள்.

அங்கே, அழுதுகொண்டிருந்தவர் தன் சட்டைப்பையிலிருந்து தூக்க மாத்திரைப் புட்டியை எடுத்து மாணவியின் கையில் வைத்தார்.

“இதை நீயே வச்சுக்கம்மா. நான் வீட்டுக்குப் போறேன்.”