பொட்டை பொறந்த சந்தோஷம்

வில்லியனூர் குழந்தை டாக்டர் கமலக்கண்ணன் முன்னால் உட்கார்ந்து, பண்டசோழநல்லூர் வீரமணி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். பக்கத்து பெட்டில் அவருடைய எட்டு வயசு மகள் பிரவீணா, ஜுரத்தில் சுருண்டு கிடந்தாள்.

மூன்று நாளாய் ஏன் கூட்டிவரவில்லை என்று டாக்டர் எரிந்து விழுந்தார். கரும்பு வெட்டு நடக்குது, ஜுரம்தானே, தானா போயிடும்னு விட்டுட்டோம் என்றார் வீரமணி. அழுகை இவளுக்காக இல்லையாம்.

"வூட்ல சின்னது ஒண்ணு கெடக்குது டாக்டர். அத்த நெனச்சாதான் வயிறு பத்துது."

பிறந்து பத்து நாள். நேற்றிலிருந்து பாலில் வாய் வைக்கவில்லை, வயிற்றால் போகிறது, கண்ணே திறக்கவில்லை. எங்க ஊர் டாக்டர் லீவு, உங்க கைராசிய நம்பி வந்தேன் என்று கும்பிட்டார்.

"ஆணா?"

"பொட்ட டாக்டர். ஆணா இருந்தா போனா போவுதுன்னு வுட்டுருப்போம். பொட்டைன்னு தெரிஞ்சதும் தெருவுக்கே இனிப்பு குடுத்தோம்."

டாக்டருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. பொண்ணு என்றதும் மூஞ்சியைச் சுளிக்கிற அப்பன்களையே காலம் பூராவும் பார்த்து நொந்துபோன மனுஷன் அவர். கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த கூட்டத்துக்கு ஒரு லெக்சரே அடித்துவிட்டார். மனுஷன்னா இவர்தான் மனுஷன், பார்த்துக் கத்துக்குங்க என்றார். பொண்ணு பெற்ற அப்பன்கள் சிலர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சின்னதை உடனே தூக்கிவரச் சொல்லி வீரமணி வீட்டுக்குப் போன் போட்டார். பிரவீணாவுக்கு டாக்டர் ஒரு சிரப்பை அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்தார். அவளை எழுப்பி வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நர்ஸ் தேவி பெட்டுக்குப் புது விரிப்பு போட்டாள். ட்ரிப்ஸ் தயார், ஆக்சிஜன் தயார். பெஞ்சில் அந்தப் பெண் அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்க்க ஒரு நாதி இல்லை.

வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. பச்சைக் குழந்தையை ஏந்திக்கொள்ள வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தபடி ஓடினாள் தேவி. வீரமணி அவளை முந்திக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் தேவி வெறும் துண்டோடு திரும்பி வந்தாள்.

"பெட் பத்தாது டாக்டர். வந்திருக்கறது கன்னுக்குட்டி."