கெபிரூங்கி கேட்ட வரம்

சபை நடுவே பியாருஹங்கா எழுந்து நின்று கதறினான்.

"குடிச்சு அழிஞ்சேன். பெண்டாட்டியைப் போட்டு அடிச்சேன். அடுத்தவன் ஆட்டைத் திருடினேன். இயேசுவே, என்னை மன்னியும்!"

அவன் மனைவி கெபிரூங்கிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவனுடைய வாந்தியைக் கழுவியபடியே அவள் ஜெபித்த ஜெபம் கொஞ்சமல்ல. உபவாசம் இருந்தாள். கபாலே மலையிறக்கத்தில் அவனைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

சபைப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "உன் கண்ணீரைக் கர்த்தர் பார்த்துட்டார், தங்கச்சி!"

வீட்டில் அவன் தலைகுனிந்து சோளக் கூழைக் குடித்தான்.

"இன்னும் ஒரு பாவம் பாக்கி இருக்கு" என்றான்.

"புகையிலைதானே? அதையும் விட்டுத் தொலைங்க" என்று அவள் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "ஒருத்தனுக்கு ஒருத்தி இருந்தாத்தான் ஞானஸ்நானம்னு போதகர் சொல்லிட்டார்."

"அதனால?"

"நீ உங்கப்பா வீட்டுக்குப் போயிடு."

அவள் கையிலிருந்த அகப்பை நழுவியது. "நானா? உங்களுக்காக அழுதது நானு. பஸேமேரா ஒருநாளாவது கோயில் வாசலை மிதிச்சிருப்பாளா?"

"அவளைத்தானே முதல்ல கட்டினேன். நீ ரெண்டாவதா வந்தவ."

அவள் அகப்பையைப் பொறுக்கி எடுத்தாள். "பிள்ளைங்க?"

"என் ரத்தம். பஸேமேரா வளர்ப்பா."

மடியில் கிடந்த கைக்குழந்தையை அவள் இறுக்கிக்கொண்டாள்.

"அதை இப்ப எடுத்துட்டுப் போ" என்றான் அவன், மிகவும் கனிவாக. "பால் மறந்ததும் கொண்டாந்து விட்டுடு."