சீதனக் காரின் சத்தம்

கனகதாஸ் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தார். பெல்ட்டில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

கார் மருமகன் அபிலாஷின் வீட்டு முற்றத்தில் நின்றது. மகள் ஜின்சியின் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த கார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த காலத்தில் வாங்கி, வேறு யார் கையும் படாமல் அவரே பழுது பார்த்து வைத்திருந்தது.

பழைய கார். அதுதான் குறை.

காலையில் ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று கத்தும். ஒற்றசேகரமங்கலம் ஜங்ஷன் வரைக்கும் கேட்கிறது என்பான் அபிலாஷ். அவன் அம்மா சரோஜம் அந்த அலறலைக் கேட்டதும் அடுக்களையிலிருந்தே மருமகளுக்குச் சொல்வாள்.

"ஒனக்க சீதனம் நெலவிளிக்குது, கேட்டியா ஜின்சி."

அப்படித் தொடங்கும் காலைகள் எப்படி முடியும் என்று கனகதாசுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஜின்சி வீட்டுக்கு வந்தபோது அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். எந்தக் கதவு என்று அவர் கேட்கவில்லை.

சத்தம் நின்றால் பேச்சு நிற்கும். பேச்சு நின்றால் மற்றதும் நிற்கும். அதனால் இன்று ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல், களியக்காவிளையில் இரண்டு புது பெல்ட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

எஞ்சின் கத்தவில்லை, பெல்ட்தான் கத்துகிறது என்று அபிலாஷிடம் விளக்கினார். எஞ்சின் சுற்றும்போது முன்னால் ஒரு சக்கரமும் சுற்றும். அதில் மாட்டிய பெல்ட்தான், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பையும் இழுத்துச் சுற்றுகிறது. ஏசிக்கு இன்னொரு பெல்ட். நாளாக ஆக ரப்பர் வழுவழுப்பாகிவிடும். சக்கரம் சுற்றும், பெல்ட் வழுக்கும். வழுக்குகிறபோது வருவதுதான் அந்தச் சத்தம்.

அபிலாஷ் வராந்தாவில் உட்கார்ந்து போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"புது வண்டியெண்ணா இந்தப் பாடு உண்டா மாமா?"

கனகதாஸ் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஏசி பெல்ட் வெளிப்பக்கம் இருப்பதால் அதை முதலில் கழற்றினார். பிறகு ஆல்டர்னேட்டரின் அடிப் போல்ட்டையும் மேல் போல்ட்டையும் தளர்த்தி, அதை எஞ்சின் பக்கமாகத் தள்ளினார். பெல்ட் தொய்ந்து கையோடு வந்தது. திருப்பி வளைத்துப் பார்த்தார். குறுக்கே வரிவரியாக வெடிப்பு. இத்தனை நாள் அறுந்து போகாமல் இருந்ததே அதிசயம்.

புது பெல்ட்டின் ஒவ்வொரு வரியும் சக்கரத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கம்பியால் ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்தபடி போல்ட்டை முறுக்கினார். கட்டைவிரலால் பெல்ட்டின் நடுவில் அழுத்தினார். ஒரு விரல் கனத்துக்குத் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் வழுக்கும். தாழவே இல்லையென்றால் பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே பேரிங் போய்விடும்.

ஏசி பெல்ட்டையும் மாட்டி முடித்தார். பேட்டரி வயரைத் திரும்ப இணைத்தார். ஸ்டார்ட் செய்து பார்க்க ஜின்சியைக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு முன்பு இதே காரில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

அவள் வேகமாக வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் பிடித்தது. கீச்சென்ற சத்தம் இல்லை. ஏசியைப் போடச் சொன்னார். அப்போதும் இல்லை. கிணற்றடியில் யாரோ வாளி வைப்பதுகூடக் கேட்டது.

அபிலாஷ் எழுந்து உள்ளே போனான். ஜெயித்துவிட்டோம் என்று கனகதாசுக்குத் தோன்றியது. பானெட்டை மூடிவிட்டு, மகள் முகத்தைப் பார்க்க ஜன்னலருகே வந்தார்.

ஜின்சியின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அவள் சாய்ந்து மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"கேறுங்கப்பா. அவரு வெளிய வாறதுக்கு முன்ன போவோம்."

அவர் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து நான் விளிச்சது பெல்ட்டு மாத்தவா? என்னைக் கூட்டீட்டுப் போங்கண்ணுதானே கரைஞ்சேன். நாளைக்கு வாறேன் மக்காண்ணு சொன்னியளே."

சொன்னார்தான். அவள் அழுதுகொண்டே போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்தும் பார்த்தார். சபையில் என்ன பதில் சொல்வது, பக்கத்து வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தார். அதன் பிறகுதான் கடைக்காரருக்குப் போன் செய்து, பெல்ட் இருக்கிறதா என்று கேட்டார்.

கேட் திறந்தே கிடந்தது. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

கனகதாஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, உருவி எடுத்துக்கொண்டார்.

"புது பெல்ட்டு ஓடி ஓடிக் கொஞ்சம் லூசாவும் மக்கா. அடுத்த ஞாயிறும் வாறேன். டைட்டு பண்ணித் தாறேன்."

பிறகு வராந்தாவில் ஏறி, உள்ளேயிருந்து வந்த அபிலாஷின் கையில் சாவியைக் கொடுத்தார். இனிச் சத்தம் வராது என்றார்.