மூன்று நாள் உபசாரம்

"ஆட்டாத தம்பி, முள்ளு ஒடைஞ்சி உள்ளயே நின்னுக்கும்" என்று மரியகுழந்தையின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார் காத்தவராயன். நடுரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நகத்தால் நெம்பி, பதமாக முள்ளை எடுத்தும் விட்டார்.

மரியகுழந்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "கூடப் பொறந்தவன்கூட இப்டி செய்யமாட்டாண்ணா!"

செய்யமாட்டான்தான். கூடப் பிறந்தவனுக்கு ஆள் பிடிக்கிற உத்தியோகம் இல்லையே.

காத்தவராயன் தங்கச் சுரங்கத்தில் மேஸ்திரி. ஊர் ஊராகப் போய், குழிக்குள் இறங்கிக் கல் உடைக்க ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. இரண்டு மாதமாக ஒருத்தனும் சிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு ஆளையாவது கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் மேஸ்திரி வேலை கிடையாது, திங்கட்கிழமை நீயே சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கு என்று காண்ட்ராக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரு காலத்தில் இறங்கிப் பார்த்தவர்தான் அவர். இடுப்பளவு தண்ணீர், ஒற்றை மெழுகுவத்தி, தலைக்கு மேலே எப்போது விழுமோ என்று தொங்கும் பாறை.

மேஸ்திரி என்று தெரிந்தால் ஆற்காட்டு ஜனங்கள் சோளக்கொல்லைக்குள் புகுந்து ஓடிவிடுவார்கள். அதனால் வழியில் யார் கேட்டாலும், தானும் வேலை தேடிப் போகிற கூலியாள் என்றே சொல்லிக்கொள்வார். அப்படியும் இந்தத் தடவை வெறுங்கையோடு திரும்பும்போதுதான், குடியாத்தம் எல்லையில் மரியகுழந்தை தானாக வந்து ஒட்டிக்கொண்டான்.

"நானும் தங்கச் சுரங்கத்துக்குத்தாண்ணா போறேன். தனியா போறதுக்கு பேஜாரா கீது. ஒண்ணா போலாமா?"

காத்தவராயன் அங்கேயே மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார்.

சுரங்கம் இருக்கிற மாரிகுப்பத்துக்கு ரயில் வராத காலம் அது. மலை ஏறி மூன்று நாள் நடக்க வேண்டும். வழியில் மனசு மாறித் திரும்பிவிடப் போகிறானே என்று மரியகுழந்தையை மாப்பிள்ளை மாதிரி கவனித்தார். பேரணாம்பட்டில் வண்டிக்காரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார். தன் பங்குக் களியில் பெரிய உருண்டையை அவனுக்கே வைத்தார்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. மலையேற்றத்தில் அவர் மூட்டையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். குளிருகிறது என்று அவர் வாயைத் திறப்பதற்குள் தன் கம்பளியை எடுத்துப் போர்த்தினான். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் அவர் தோளையும் கையையும் பிடித்துவிட்டான்.

"கட்டையாட்டம் கீதுண்ணா ஒடம்பு! இருமல், மூச்சு வாங்கறது, ஒண்ணும் கெடையாதே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. இரும்பு!" என்றார் காத்தவராயன் பெருமையாக. கட்டின பெண்சாதிகூட இவ்வளவு அக்கறையாக அவர் உடம்பை விசாரித்ததில்லை.

முள் எடுத்த இடத்திலிருந்து பார்த்தால் சுரங்கத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. இன்றைக்குத்தான் சனிக்கிழமை. இந்த வெள்ளந்தியையா குழிக்குள் தள்ளப்போகிறோம் என்று நினைத்தார். "வூட்டுக்குத் திரும்பிப் போய்டு தம்பி" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர் ஞாபகம் வரவே, அப்படியே விழுங்கிவிட்டார்.

கோரமண்டல் சுரங்கத்து முகாமுக்குள் நுழையும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. எந்த மேஸ்திரி ஆள் கொண்டுவந்தாலும் பேர் எழுதுவது அங்கே ரைட்டர் கொட்டகையில்தான். பழைய ரைட்டர் மாற்றலாகிப் போய், எட்மண்ட் என்ற புது ஆள் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அவருக்கு எந்த மேஸ்திரியின் முகமும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, உள்ளே போனதும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தார் காத்தவராயன்.

கொட்டகை வாசலில் மரியகுழந்தை அவரை நிறுத்தினான். மடியிலிருந்து ஒரு கத்தை வெற்றிலையை எடுத்து, பாக்கும் புகையிலையும் வைத்துத் தாராளமாக மடித்தான்.

"மூணு நாளா என்ன புள்ளயாட்டம் பாத்துகினீங்க. ஏழை நானு, வேற இன்னா செய்யப்போறேன்? இத மட்டும் வாணாம்னு சொல்லாதீங்கண்ணா."

எப்படி வேண்டாம் என்று சொல்வது? இன்னும் ஐந்து நிமிடத்தில் இவனுக்குத் தன்னுடைய யோக்கியதை தெரிந்துவிடப் போகிறது. அதுவரைக்குமாவது அண்ணனாக இருந்துவிட்டுப் போவோம் என்று அவ்வளவையும் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன.

உள்ளே போனார்கள். எட்மண்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ரெண்டு பேரா? இன்னா விஷயம், சீக்கிரம் சொல்லுங்க. மூடற நேரம்."

"ம்ம்... ம்ம்..." என்றார் காத்தவராயன். வாயைத் திறந்தால் ரைட்டரின் வெள்ளைக் கோட்டு சிவப்பாகிவிடும். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, துப்புவதற்கு வேலியோரம் ஓடினார்.

முதுகுக்குப் பின்னால் மரியகுழந்தையின் குரல், மூன்று நாளாகக் கேட்காத அதிகாரத்தோடு கேட்டது:

"எழுதிக்கோங்க ரைட்டரய்யா, நான் புடிச்சாந்த ஆளு பேரு காத்தவராயன்!"